மோயாற்றங்கரையில் செந்நாய்கள்: முதுமலை நாட்குறிப்பு

வெள்ளி, தெப்பக்காடு

ஊட்டியிலிருந்து முதுமலைக்கு இறங்க இரண்டு வழிகள். கல்லட்டி வழி தூரம் குறைவு, ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் செங்குத்தான இறக்கத்தில் பிரேக் சூடாகிக் கவிழ்ந்த வண்டிகள் நிறைய என்பதால் வெளியூர் வண்டிகளை அங்கே இறங்க விடுவதில்லை. பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சுற்றிக்கொண்டு வந்தோம். கோடை விடுமுறைக் கூட்டம் முழுவதும் ஊட்டியோடு நின்றுவிட்டது. நடுவட்டம் தாண்டியதும் சாலையில் எங்களைத் தவிர சில லாரிகள்தான்.

தொரப்பள்ளிச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. முதல் மழை பெய்து முடிந்திருந்ததால் தேக்குகள் தளிர்த்திருந்தன. கூடலூர்ப் பக்கம் மழை அதிகம். அங்கே உயரமான தேக்கும் மூங்கிலும். கிழக்கே மசினகுடியை நெருங்க நெருங்க மழைமறைவுப் பகுதி. மரங்கள் குட்டையாகி முள்காடாகிவிடும். ஒரே சரணாலயத்துக்குள் அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இரண்டு காடுகளைப் பார்த்துவிடலாம். 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், 2007இல் புலிகள் காப்பகமானது. வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு. எல்லைக்கோடுகள் நமக்குத்தான், யானைகளுக்கு இது ஒரே காடு.

சாலையோரம் நெடுகிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்து மகள் கைதட்டினாள். மஞ்சக்கொன்னை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிவிட்ட மரம். அதன் அடியில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கு வேலையில்லை. வனத்துறை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றாலும் வெட்ட வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. உண்ணிச்செடியும் அப்படித்தான், புதர்புதராக.

தங்குவதற்கு மோயாற்றங்கரையில் வனத்துறையின் ஓய்வு விடுதி கிடைத்தது. திண்ணையில் உட்கார்ந்தால் கீழே ஆறு, எதிரே காடு. கோடை என்பதால் ஆறு பாறைகளுக்கிடையே மெலிந்து ஓடுகிறது. எங்களுக்கு நேர் எதிரே மட்டும் ஆழமான மடு ஒன்று. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வாச்சர் அண்ணன் இந்தக் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், குறும்பர் பழங்குடி. முதலில் சொன்னதே இதுதான்: "ஆத்துப் பக்கம் எறங்காதீங்க. இருட்டினா வாசலைத் தாண்டாதீங்க. பாக்கணும்னா இந்தத் திண்ணையே போதும்."

சின்னவன் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "புலி வருமா அங்கிள்?"

"வரும் தம்பி. நாம பாப்போமாங்கிறதுதான் தெரியாது."

இரவு 9 மணிக்கு மைசூர்ச் சாலையில் வண்டிச் சத்தம் நின்றது. பந்திப்பூர் வழியே இரவுப் போக்குவரத்துக்கு 2009 முதல் தடை, காலை 6 மணி வரை. அதன் அருமை இங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிறது. தவளைகள், பக்கிக்குருவி, எங்கோ மூங்கில் முறியும் சத்தம். யானையாக இருக்கும் என்றார் அப்பா.

சனி, அதே திண்ணை

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதிவிட வேண்டும்.

காலை ஆறேகால். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, அப்பாவும் நானும் திண்ணையில். எதிர்க்கரை மரத்திலிருந்து மந்தி ஒன்று இருமுவதுபோலக் கத்தியது. அடுத்து இன்னொன்று. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் வளர்ந்தவர். மந்தி எதற்குக் கத்துகிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பிள்ளைங்களை எழுப்பு, சத்தம் போடாம" என்றார்.

நான் பிள்ளைகளோடு திரும்பி வரவும், புதர் உடைய ஒரு கடமான் பாய்ந்து வரவும் சரியாக இருந்தது. பெண் மான். சரிவில் கல் உருள இறங்கி நேரே மடுவுக்குள் விழுந்தது. நீந்தவில்லை. மார்பளவுத் தண்ணீரில் போய் நின்று, வந்த பக்கமே திரும்பிக்கொண்டது. கழுத்து மயிர் சிலிர்த்திருந்தது. வால் விறைத்து நின்றது. ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கம் ஏறிவிடும் என்று நினைத்தோம். அது அசையவே இல்லை.

முதல் செந்நாய் புதரை விட்டு வெளியே வந்தது. அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நம் தெருநாய் உயரம்தான். செம்மண் நிற உடம்பு, கறுத்துப் புசுபுசுவென்ற வால், நிமிர்ந்த வட்டக் காதுகள். எடை பதினைந்து கிலோ இருந்தால் அதிகம். எதிரே நின்ற கடமான் அதைப்போலப் பத்து மடங்காவது இருக்கும். அடுத்து இரண்டு. மேட்டுக்கு மேல் இன்னும் இரண்டு. சற்றுத் தள்ளி மணல் திட்டில் மற்றவை. ஏழு என்று எண்ணினேன். மகள் எட்டு என்றாள்.

குரைப்பே இல்லை. செந்நாய் நாயைப்போலக் குரைக்காது. மேட்டில் நின்ற ஒன்று சீட்டி அடித்தது, மெல்லிதாக, விட்டு விட்டு. கீழே இருந்து இன்னொன்று பதில் சீட்டி. அடர்ந்த புதருக்குள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க அவற்றுக்கு இந்தச் சத்தம்தான் துணை. பிறகு நடந்ததைப் பார்க்கும்போது, யார் எங்கே நிற்பது என்று பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கின என்று தோன்றியது. மூன்று கரையிலேயே நின்றன. இரண்டு ஆற்றின் கீழ்ப்பக்கம் ஓடிப் பாறைகள் வழியே எங்கள் கரைக்கு வந்து, எங்களிடமிருந்து ஐம்பது அடி தூரத்தில் உட்கார்ந்தன. மான் தப்பி ஏறக்கூடிய வழி அடைபட்டது. மற்ற இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின.

நீந்தி நெருங்கியதும் கடமான் முன்னங்காலைத் தூக்கி அடித்தது. தண்ணீர் சிதறியது. ஒன்று பின்வாங்க, மற்றது பின்பக்கமாகச் சுற்றிப் போனது. மான் உடனே திரும்பிவிட்டது. அது ஏன் மடுவுக்குள் வந்து நின்றது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தரையில் ஓடினால் செந்நாய்கள் மாறி மாறித் துரத்திக் களைக்க வைத்துவிடும். இந்த ஆழத்தில் மானுக்குக் கால் நிற்கிறது, நாய்க்கு நிற்கவில்லை. நீந்துகிற நாயால் பாய முடியாது. உயரம் மட்டுமே தனக்குள்ள பலம் என்று அறிந்து, அந்தப் பலம் செல்லுபடியாகும் ஒரே இடத்தைத் தேடி வந்திருக்கிறது.

"அம்மா, கல் எறிஞ்சு நாயை வெரட்டலாமா?" மகள் அழுகிற நிலையில் இருந்தாள்.

வாச்சர் அண்ணன் எப்போது வந்து எங்கள் பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "வேணாம் பாப்பா. இப்ப அதுகளுக்குக் குட்டி இருக்கிற காலம். மார்கழி, தை வாக்கில போட்ட குட்டிங்க. எங்கியோ படுக்க வெச்சிட்டுத்தான் இதுக வந்திருக்கும். மானுக்கும் உயிரு, அதுகளுக்கும் பசி. நாம இதுல கை வெக்கக் கூடாது."

"மான் செத்துட்டா?"

"சாகலாம். ஆனா இந்தக் கடமான் விவரமானது, பாரு."

நேரம் போனது. எட்டு மணி வெயில் மடுவில் விழுந்தது. செந்நாய்களுக்கு அவசரமே இல்லை. இறங்கியவை ஏறிவந்து உடம்பை உதறிக்கொண்டு படுத்துக்கொள்ள, படுத்திருந்தவை இறங்கின. ஒருமுறை மூன்று சேர்ந்து நெருங்கியபோது ஒன்று மானின் காதைப் பிடித்துவிட்டது. மான் தலையை முறுக்கி அதைத் தண்ணீருக்குள் அழுத்தியது. நாய் விட்டுவிட்டு மூச்சு வாங்க வெளியே வந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்து கன்னத்தில் இறங்கியது. அந்த நிமிடம் 'பாங்க்' என்று கடமான் கத்தியது இருக்கிறதே, என் கணவர் கையிலிருந்த கேமராவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதை எடுக்கவே இல்லை. மார்பளவுத் தண்ணீரில் அவ்வளவு நேரம் நிற்கிற ஒரு உயிரை முழுதாகப் பார்ப்பதற்குக் கண்தான் வேண்டியிருந்தது.

முடிவு எங்களுக்குத் தெரியாமலே வந்தது. மேட்டில் இருந்தது சீட்டி அடித்தது, முன்பைவிட நீளமாக. எங்கள் கரையில் இருந்தவை எழுந்து பாறைகள் வழியே திரும்பின. ஒவ்வொன்றாகப் புதருக்குள் போயின. கடைசியாகப் போனது மட்டும் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. கடமான் அதற்குப் பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை. நாங்கள் சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல்தான் எங்கள் கரையில், நாய்கள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் ஏறி, நொண்டியபடி மூங்கிலுக்குள் மறைந்தது.

மாலையில் யானை முகாமுக்குப் போனோம். ராகியும் கொள்ளும் வெல்லமும் உப்பும் கலந்து பிசைந்த பெரிய உருண்டைகளைப் பாகன்களும் அவர்களுக்கு உதவும் காவடிகளும் யானைகளின் வாய்க்குள் வைப்பதைப் பிள்ளைகள் ரசித்தார்கள். நன்றாக இருந்தது. ஆனால் இருவர் பேச்சும் காலைக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

இரவு அப்பா தானாகப் பேசினார். அவர் சிறுவனாக இருந்தபோது ஊரில் ஆட்டுக்காரர்கள் செத்த மாட்டில் விஷம் தடவிக் காட்டோரம் போடுவார்களாம். செந்நாய்க்காக. செந்நாயைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய வழக்கம். கொன்றதற்கு அடையாளம் காட்டினால் பணம். உயிரோடு இருக்கும்போதே இரையைக் கிழிக்கும், ஈவிரக்கம் இல்லாதது என்று வேட்டைக்கு வந்த துரைமார்கள் எழுதியதை ஊரும் நம்பியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்கு முடிவு. "எங்க அப்பாகூட ஒருதரம் விஷம் வெச்சிருக்காரு" என்றார். "நாலஞ்சு செத்துக் கெடந்துச்சு, அதுல ரெண்டு குட்டி. இன்னிக்கு வாச்சர் குட்டியப் பத்திச் சொன்னப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு."

பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னார். மகள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிறு, வயல்

வனத்துறை வேனில் காலைச் சவாரி. நிறைய குடும்பங்கள். வண்டி கிளம்பியதிலிருந்து எல்லோர் வாயிலும் புலிதான். கூட்டமாகப் புள்ளிமான், ஒரு காட்டெருது, மலையணில், காட்டுக்கோழி எல்லாம் வந்துபோயின, யாரும் நிமிரவில்லை.

மேற்குப் பக்கம் போகும்போது காட்டுக்கு நடுவே சதுப்பான புல்வெளிகள் வரும். இங்கே அவற்றை வயல் என்கிறார்கள். அப்படி ஒரு வயலின் ஓரத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். புல்லுக்குள் செம்மண் நிறத்தில் ஏதோ அசைந்தது.

மகள்தான் முதலில் சொன்னாள்: "தாத்தா, குட்டிங்க!"

ஒரு புள்ளிமான் கிடந்தது. வேட்டை முடிந்து அதிக நேரம் ஆகியிருக்காது. அதன்மேல் நான்கைந்து குட்டிகள் ஏறி விழுந்து இழுத்துக்கொண்டிருந்தன. பெரியவை சுற்றிலும் நின்றன. ஒன்றும் வாய் வைக்கவில்லை. இரண்டு காட்டைப் பார்த்தபடி, ஒன்று எங்கள் வேனைப் பார்த்தபடி. செந்நாய்க் கூட்டத்தில் குட்டிகள்தான் முதல் பந்தி. வேட்டையாடிக் களைத்த பெரியவை அவை விலகும்வரை காத்திருக்கும். குட்டிகள் வளையை விட்டு வராத மாதங்களில் பெரியவை தின்றுவிட்டு ஓடிப்போய், வயிற்றிலிருந்து கக்கி ஊட்டும். காவலுக்கு இருந்த மற்ற நாய்க்கும் அதில் பங்கு. பொதுவாக ஒரு கூட்டத்தில் ஒரு ஜோடிதான் குட்டி போடும். வளர்ப்பது மொத்தக் கூட்டமும்.

நேற்றுப் பார்த்த கூட்டம்தானா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். இந்த வயலுக்கும் தெப்பக்காட்டுக்கும் தூரம் அதிகம், வேறு கூட்டமாகத்தான் இருக்கும் என்றார்.

பின் இருக்கையில் ஒருவர், "நாய்தானே? வண்டிய எடுங்க, புலி இருக்கிற பக்கம் போலாம்" என்றார். அப்பா திரும்பினார். அவர் அந்நியர்களிடம் அதிகம் பேசுகிறவர் அல்ல. "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம். அதுக சாப்பிட்டு முடிக்கட்டும். இத உங்க பிள்ளைங்களுக்குக் காட்டுங்க" என்றார். அவர் குரலில் இருந்ததைக் கேட்டோ என்னவோ, அந்த மனிதர் தன் பையனைத் தூக்கி ஜன்னலருகே உட்கார வைத்தார். என் மகள் அந்தப் பையனுக்கு விளக்கத் தொடங்கினாள்: எது காவல், எது குட்டி, ஏன் பெரியவை தின்னாமல் நிற்கின்றன. கொஞ்ச நேரத்தில் வேன் முழுக்க அவள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

குட்டிகள் விலகியதும் பெரியவை பாய்ந்தன. அவை தின்னும் வேகத்தைப் பார்த்தால்தான் நம்ப முடியும். புலியோ சிறுத்தையோ வந்து இரையைப் பறித்துவிடும் என்ற பயம் அவற்றுக்கு எப்போதும் உண்டு. வேகமாகத் தின்பதையும், சிறிய உடம்பால் ஒரே கடியில் கொல்ல முடியாமல் கூட்டமாகக் கிழிப்பதையும்தான் நாம் கொடூரம் என்று எழுதி வைத்தோம்.

எனக்கு இதில் கோபமே உண்டு. 2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் புலிகள் 3,682. உலகம் முழுவதும் சேர்த்து, இனப்பெருக்க வயதை எட்டிய செந்நாய்கள் 2,500கூட இல்லை என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு. அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலில் புலியும் செந்நாயும் ஒரே இடத்தில் இருக்கின்றன. புலிக்கு முத்திரை உண்டு, திட்டம் உண்டு, நிதி உண்டு. செந்நாய் அதன் நிழலில் பிழைத்துக்கொண்டிருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் தெருநாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் தொற்றினால் நெருக்கமாக வாழும் ஒரு கூட்டம் மொத்தமாகப் போய்விடக்கூடும். ஊர்நாய்களுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடுவது செந்நாயைக் காப்பாற்றும் வேலைகளில் ஒன்று. அதை யாரும் காட்டு விலங்குப் பாதுகாப்பாக நினைப்பதில்லை.

திங்கள், மசினகுடி வழியே கல்லட்டி

கிளம்பும் முன் வாச்சர் அண்ணன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நேற்று வயலில் பார்த்ததைக் குறித்துக்கொள்ள. எத்தனை பெரியவை, எத்தனை குட்டிகள், எத்தனை மணி, எந்தப் பக்கம். மகள் நான்கு குட்டி என்றாள். சின்னவன் ஐந்து என்று அடம்பிடித்தான். "நாலு, இன்னொண்ணு இருக்கலாம்" என்று அவர் எழுதிக்கொண்டார். இருவருக்கும் திருப்தி. முந்தைய நாளின் கடமான் பற்றியும் அதில் இருந்தது: பெண், இடக்காது கிழிசல், காலில் அடி. மறுபடி கண்ணில் பட்டால் அடையாளம் தெரிய வேண்டுமே என்றார்.

ஏறும் வண்டிகளைக் கல்லட்டியில் விடுகிறார்கள். மசினகுடி தாண்டியதும் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கு மேல் வட்டமிடும் பாறுக் கழுகுகளைப் பார்த்தோம். வெண்முதுகுப் பாறுகள் தென்னிந்தியாவில் அதிகமாக மிஞ்சியிருப்பது இந்தப் பகுதியில்தான். ஓடையோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அழித்ததால் நாடு முழுவதும் அவை மடிந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். இங்கே புலியும் செந்நாயும் விட்டுவைக்கும் இரையில் மருந்து கிடையாது. செந்நாய் மிச்சம் வைப்பது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமும் சுத்தமான சோறு. விஷம் வைத்த காலத்தில் அந்த மாட்டைத் தின்னக் கழுகும் இறங்கியிருக்குமே என்று மகள் தாத்தாவிடம் கேட்டாள். சனிக்கிழமை இரவு அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அப்பா, "எறங்கியிருக்கும்டா" என்றார். அதோடு நிறுத்தாமல், ஊருக்குப் போனதும் அந்த இடத்தைக் காட்டுவதாகவும் சொன்னார்.

மலையேறும் முன் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "புலி பாத்தீங்களா சார்?"

"செந்நாய் பாத்தோம்" என்று அப்பா ஆரம்பித்தார். மந்தி கத்தியதிலிருந்து சொன்னார். கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். போன மழைக்காலத்தில் தன் கொல்லைக்குப் பின்னால் இரண்டு செந்நாய்கள் ஒரு மானை ஓட்டிவந்த கதையை அவர் எடுத்துவிட, என் மகள் இடையில் புகுந்து குட்டிகள் இருந்தனவா என்று விசாரிக்க, நாங்கள் கல்லட்டி ஏறத் தொடங்கியபோது உச்சிவெயில் வந்துவிட்டது.